உள்ளே வந்த வண்டிகள்

உங்க போன்ல பச்சையும் சிவப்புமா கோடு ஓடுதே, அது ஷேர்தானே சார்? தப்பா நெனச்சுக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கேனா, கண்ணு தானா போயிடுது. எனக்கும் அது கொஞ்சம் தெரியும். பாத்தா வாட்ச்மேன் மாதிரி இருக்கேன், வாட்ச்மேன்தான். ஆனா என்கிட்டயும் ஷேர் இருக்கு. இருக்குன்னா இருக்கு, அவ்வளவுதான். விக்க முடியாது.

ஓசூர் வரைக்கும்தானே? நானும் ஓசூர்தான். ராயக்கோட்டையில ஒரு வீட்டுக்குப் போயிட்டு வரேன். ஒரு விஷயம் சொல்லிட்டு வரணும்னு போனேன். சொல்லாம வந்துட்டேன். அதான் வாய் நிக்க மாட்டேங்குது. உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லிடுங்க, நிறுத்திக்கிறேன்.

பேரு முனிராஜ். அரண்கீன்னு ஒரு கம்பெனி, கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா. நல்லது, தப்பிச்சீங்க. ஓசூர் தொழிற்பேட்டையில கடைசி ரோட்டுல இருந்தது. அங்க கேட்ல ஆறு வருஷம் நின்னேன். கம்ப்யூட்டருக்குப் பூட்டு செய்யற கம்பெனி. பூட்டுன்னா இரும்புப் பூட்டு இல்ல. கட்டைவிரல்ல பாதி இருக்கும், சாவி மாதிரி ஒரு சின்னக் கட்டை. அதைச் சொருகினாத்தான் கம்ப்யூட்டர் திறக்கும். பாஸ்வேர்டு திருடன் கைக்குப் போனாலும், இந்தக் கட்டை இல்லாம அவனால உள்ள நுழைய முடியாது. பாங்க், ஆடிட்டர் ஆபீஸ், அந்த மாதிரி இடத்துக்கு. நல்ல பொருள் சார். இன்னைக்கும் சொல்லுவேன், பொருள் நல்ல பொருள்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நாலஞ்சு பேர் வந்து கேட்டுக்கு வெளிய நின்னாங்க. கம்பெனி லீவு. யார் வேணும்னு கேட்டேன். யாரும் வேணாம், சும்மா பாக்க வந்தோம்னாங்க. கட்டடத்தைப் பாக்க யாரு சார் வருவாங்க? அப்புறம்தான் சொன்னாங்க, நாங்கல்லாம் ஷேர் வாங்கினவங்கன்னு. போன்ல ஒரு குரூப்பு வச்சிருக்காங்க, அதுல பேசிப் பழக்கம். பணம் போட்ட இடத்தை ஒருதரம் கண்ணால பாத்துடலாம்னு வந்திருக்காங்க. அப்புறம் மாசம் ஒரு ஞாயிறு வர ஆரம்பிச்சாங்க. வெளிய ஒரு புங்கமரம், அதுக்குக் கீழ யாரோ போட்டுட்டுப் போன சிமெண்ட் குழாய். அதுமேல உக்காந்து பேசுவாங்க. சண்டையும் போடுவாங்க.

முக்கியமா ரெண்டு பேரு. ஒருத்தர் மாதேஷ், பாலக்கோட்டுல மருந்துக்கடை வச்சிருக்காரு. அவருக்குக் கம்பெனிதான் குலதெய்வம். இன்னொருத்தங்க ரெஜினா டீச்சர். ராயக்கோட்டையில தனியார் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறாங்க. வீட்டுக்காரர் இல்ல, ஒரே பொண்ணு. டீச்சர் ஷேரே வாங்கல. வாங்கலாமா வேணாமான்னு பாக்கத்தான் வருவாங்க.

மாதேஷ் சொல்லுவாரு, "போனுக்குள்ள திருடன் நுழையலாம், மெயிலுக்குள்ள நுழையலாம். இந்தக் கட்டைக்குள்ள எவனும் நுழைய முடியாது. உள்ள இருக்கிற ரகசியம் வெளிய வரவே வராது. நாட்டுல எத்தனை பாங்க் இருக்கு, ஒவ்வொரு பாங்க்லயும் எத்தனை பேரு, கூட்டிப் பாருங்க."

டீச்சர் பொறுமையா கேட்டுட்டுச் சொல்லுவாங்க, "இதே வேலையை இப்ப போன்லயே செஞ்சுக்கலாம், காசில்லாம. ஒரு பாங்க் ஆயிரம் பேருக்கு ஆயிரம் கட்டை எதுக்கு வாங்கணும்? தினம் பத்துப் பேரு தொலைச்சுட்டு வந்து நிப்பாங்க. நல்ல பொருள் வேற, நல்ல வியாபாரம் வேற, மாதேஷ் சார்."

"நீங்க பாடம் நடத்தறவங்க டீச்சர். வியாபாரம் எங்களுக்குத் தெரியும்."

"அதையும்தான் பாப்போம்."

இப்படியே போகும். நான் கேட்டுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டுக் கேட்டுட்டு இருப்பேன். ஒருநாள் மாதேஷ் திடீர்னு என் பக்கம் திரும்பி, "சார், நீங்க சொல்லுங்க. இந்த மாசம் எத்தனை வேன் சரக்கு ஏத்திட்டுப் போச்சு?" அப்படின்னாரு.

சார்ன்னாரு. என்னை.

அதுக்கு முன்னாடி இருபது வருஷம் கிரானைட் பட்டறையில கல்லு பாலிஷ் போட்டேன். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல சார். ஏய் இங்க வா, ஏய் அதை எடு, அவ்வளவுதான். வீட்டுல எம்பொண்டாட்டி கேப்பா, வரும்போது தவிடு வாங்கினியான்னு. ஒரு விஷயம் எனக்குத் தெரியும், அதைக் கேக்க நாலு படிச்சவங்க காத்துட்டு நிக்கறாங்கன்னா எப்படி இருக்கும், சொல்லுங்க. எந்திரிச்சு நின்னேன். "இருபத்தி மூணு வேன் போச்சுங்க"ன்னேன். பொய் இல்ல. இருபத்தி மூணு போச்சு. மாதேஷ் அங்கயே நின்னு குரூப்புல போட்டாரு. வாட்ச்மேன் சொன்னாருன்னு போடல. கம்பெனி வட்டாரத் தகவல்னு போட்டாரு.

அதுக்கப்புறம் நான் முனிராஜ் சார். வந்த உடனே எனக்குத்தான் முதல் டீ. யாரு வந்தாலும் என்கிட்டத்தான் முதல்ல கேப்பாங்க, எத்தனை வேன் போச்சுன்னு. நான் சொல்லுவேன். உள்ள எத்தனை வந்ததுன்னு கேக்க மாட்டாங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கம்பெனி மூடினப்பறம் எவ்வளவோ பேருக்கு இதையேதான் சொன்னேன். நீங்க கேக்கல, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

நானும் வாங்கினேன். மாதேஷே வாட்ச்மேன் கேபின்ல உக்காந்து என் போன்ல கணக்கு திறந்து குடுத்தாரு. மூஞ்சியைப் படம் எடு, கையெழுத்து போடு, முடிஞ்சது. பணத்துக்குத்தான் எங்க போறது. வீட்டுல ரெண்டு கறவை மாடு இருந்தது, பாகலூர்ப் பக்கம்தான் எங்க ஊரு. மாடு என்னுது இல்ல சார், எம்பொண்டாட்டி பச்சையம்மாவுது. அவ வளத்தது. சொசைட்டிக்குப் பால் ஊத்தி, அதுலதான் பொண்ணு கல்யாணக் கடனையே அடைச்சா. ஒண்ணை வித்துடலாம், ஆறு மாசத்துல நாலு மாடா வாங்கித் தரேன்னேன்.

"அந்தச் சாவியை யாரு வாங்கறாங்க?"ன்னு கேட்டா.

"பாங்க்காரங்க வாங்கறாங்க."

"நம்ம பாங்க்ல நான் பாத்ததே இல்லையே."

எனக்குக் கோவம் வந்துடுச்சு. உனக்கு என்ன தெரியும்னு கத்திட்டேன். மறுவாரம் மாட்டுக்காரன் வந்து ஓட்டிட்டுப் போனான். அவ கயித்தை மட்டும் அவுத்து வச்சுக்கிட்டா.

விலை ஏறுச்சு சார். அதைச் சொல்லணும். ஏழெட்டு மாசம் நல்லா ஏறுச்சு. அதனாலதான் எல்லாம். ஏறாம இருந்திருந்தா யாரும் மாட்டை விக்க மாட்டாங்க.

வண்டி விஷயத்தைச் சொல்லிடறேன். மார்ச் மாசக் கடைசி வாரம், வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், வேன் மேல வேனா போகும். ஒருநாள் பதினாலு போச்சு. ஆபீஸ்ல எல்லாரும் கையெல்லாம் தட்டினாங்க. ஏப்ரல், மே ஆச்சுன்னா ஒண்ணு ஒண்ணா திரும்பி வரும். அதே பெட்டி. போறப்ப நீலக் கலர் டேப் ஒட்டியிருக்கும். வர்றப்ப அதைக் கிழிச்சு, மேல பழுப்பு டேப் ஒட்டியிருக்கும். பின்னாடி ஷெட்டுல இறக்கிடுவாங்க. ரிப்பேருக்கு வருதுன்னு நெனச்சேன். நெனச்சேனா... சரி, நெனச்சேன்னே வச்சுக்கங்க. ஒரு டிரைவர் சொன்னான், வாங்கினவனுக்கு விக்கல, திருப்பி அனுப்பறான், வித்ததா கணக்கு காட்ட அடுத்த மார்ச்ல இதையே மறுபடி ஏத்துவாங்க பாருங்கன்னு. டிரைவருங்க என்னவேணா பேசுவாங்க சார். நான் காதுல போட்டுக்கல.

இப்ப சொல்றேன். யாரும் கேக்கலைன்னு சொன்னேன் இல்ல, அது நிஜமில்ல. ஒருத்தங்க கேட்டாங்க.

போன வருஷம் மே மாசம். ஞாயிறு இல்ல, வேலைநாள். பதினோரு மணி வெயில்ல குடையைப் பிடிச்சுக்கிட்டு ரெஜினா டீச்சர் தனியா வந்தாங்க. பள்ளிக்கூடம் லீவு. கேபின்ல உக்கார வச்சேன், தண்ணி குடுத்தேன். எலத்தகிரியில அவங்க அம்மா வீட்டு நிலத்தை வித்து அவங்க பங்கு வந்திருக்கு. பொண்ணு ஆக்னஸ் பன்னெண்டாவது முடிச்சிருக்கா, அறுநூறுக்கு ஐநூத்தி அறுபத்தொரு மார்க்கு. எஞ்சினியரிங் சேக்கணும். இந்தப் பணம் முதல் வருஷத்துக்குத்தான் வரும், மத்த மூணு வருஷத்துக்கு என்ன பண்றதுன்னு தெரியலைன்னாங்க. முதல் வருஷத்துக்கு நகையை அடகு வச்சுக்கலாம், இதை ஷேர்ல போட்டா வளருமான்னு யோசிக்கிறாங்க. எப்பவும் வேணாம் வேணாம்னு சொன்னவங்க. ஏறுதே சார், எத்தனை நாள்தான் பாத்துட்டு இருப்பாங்க.

"அண்ணா, வெளிய போறது எத்தனைன்னு எல்லாருக்கும் தெரியும். உள்ள எத்தனை வருது?"

"சாமான் வண்டி வரும்மா. தண்ணி லாரி வரும்."

"அதைக் கேக்கல. போன பெட்டியே திரும்பி வருதா?"

அன்னைக்குக் காலையில எட்டு மணிக்குத்தான் ரெண்டு வண்டி வந்து இறக்கிட்டுப் போயிருந்தது. நான் இருந்த இடத்துலேருந்து பாத்தா ஷெட்டு தெரியும். டீச்சர் உக்காந்த இடத்துலேருந்து தெரியாது. இந்தம்மாகிட்ட சொன்னா இவங்க குரூப்புல சொல்லுவாங்க, சொன்னா விலை இறங்கும், மாட்டை வித்துப் போட்ட பணம் போயிடும். அதுவும் இல்லாம, ரெண்டு வருஷமா வேன் போச்சு வேன் போச்சுன்னு சொன்னது நான்தானே. இப்ப திரும்பி வருதுன்னு எப்படிச் சொல்றது.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா. கம்பெனி ரூல்"னேன்.

அப்படி ஒரு ரூல் இல்ல சார். போறதை மட்டும் எப்படிச் சொன்னேன்?

டீச்சர் என்னையே பாத்தாங்க. பொய்யைப் பிடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். ஆனா அவங்க சிரிச்சாங்க. "சரிதாண்ணா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க பணம் இதுல இருக்கா?"

"இருக்கும்மா. மாட்டை வித்துப் போட்டேன்."

"இன்னும் வச்சிருக்கீங்களா? விக்கலையே?"

"விக்கல."

அவ்வளவுதான். குடையை மடிச்சாங்க. "எல்லா வண்டியும் உங்க கண்ணு முன்னாடிதான் போகுது வருது. அப்படியிருந்தும் நீங்க வச்சிருக்கீங்க. இதைவிட எனக்கு என்ன வேணும்"னாங்க. தண்ணி குடிச்ச டம்ளரைக் கழுவி வச்சுட்டுப் போனாங்க. அந்த வாரமே வாங்கிட்டாங்க, மொத்தத்தையும்.

அந்த ஞாயிறு மாதேஷ் குதிச்சாரு. டீச்சரே வாங்கிட்டாங்க, இனிமே யாருக்கு என்ன சந்தேகம்னாரு. அன்னைக்கு அந்த முதல் டீயை நான் வாங்கிக்கல. ஆனா, பாருங்க, ரெண்டு நாள்ல மனசு மாறிடுச்சு. டீச்சர் படிச்சவங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க. ரெண்டு வருஷம் யோசிச்சவங்க. அவங்களே வாங்கறாங்கன்னா, அந்தப் பெட்டிங்க நிஜமாவே ரிப்பேருக்குத்தான் வருதோ என்னவோ. நமக்குத் தெரியாத ஏதோ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இப்படி எனக்கு நானே சொல்லிச் சொல்லி, ரெண்டாவது மாட்டையும் வித்துட்டேன். இந்தத் தடவை பச்சையம்மா ஒண்ணும் கேக்கல.

ஐப்பசியில முடிஞ்சது. ஒரு திங்கக்கிழமை முதலாளி கார் வரல. செவ்வாய்க்கிழமையும் வரல. கம்பெனிக் கணக்கு பாத்த ஆடிட்டருங்க வேலையை விட்டுப் போயிட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க. அப்புறம் தினம் காலையில மார்க்கெட் திறந்ததும் விலை ஒரு படி இறங்கும், அங்கயே நின்னுடும். வித்துடலாம்னா வாங்க ஆளே கிடையாது. இருபது நாளு அப்படி. அப்புறம் அந்த ஷேரை வாங்கறது விக்கறதையே நிறுத்திட்டாங்க.

மாதேஷ் வந்தாரு, கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு. கேட்டைப் பிடிச்சு ஆட்டினாரு. "நீதானேடா சொன்ன, வேன் போகுது வேன் போகுதுன்னு?" சார்ங்கறது போயிடுச்சு, டா வந்துடுச்சு. போனதைப் போச்சுன்னுதான் சொன்னேன், வந்ததை நீங்க கேக்கலைன்னேன். அவர் அப்படியே கீழ உக்காந்துட்டாரு. பெரிய ஆளு, தலைக்கு டை அடிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு எப்பவும் நல்லா இருப்பாரு. மச்சினன் பணத்தையும் இதுல போட்டிருந்தாராம். மண்ணுல உக்காந்து, மச்சினனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், மச்சினனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்னு அதையே சொல்லிட்டு இருந்தாரு. நான் கேட்டைத் திறக்கல. டூட்டி சார்.

டீச்சர் வரவே இல்ல. குரூப்புல எல்லாரும் என்னைத் திட்டினாங்களாம். அவங்க மட்டும் ஒண்ணும் சொல்லலையாம்.

எனக்கும் வேலை போச்சு. பச்சையம்மா இப்ப ரோஜா கிரீன்ஹவுஸ்ல பூ வெட்டப் போறா. தினக்கூலி. கையெல்லாம் முள்ளு. சாயந்திரம் ஊசியை வச்சு அவளே எடுத்துக்குவா, நான் எடுக்கிறேன்னா கையைக் குடுக்க மாட்டா. காலையில நாலு மணிக்கு இன்னும் எந்திரிச்சுடறா, பழக்கம். எந்திரிச்சுக் காலியா இருக்கிற மாட்டுக் கொட்டாயைப் பெருக்கறா. என்னத்தைப் பெருக்கறேன்னு கேக்கக்கூட எனக்குத் தைரியம் இல்ல.

ஏழு மாசம் ஆச்சு. டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடணும்னு ராத்திரி பகலா அதே நெனப்பு. கேட்டீங்க, தெரிஞ்சே மறைச்சேன்னு சொல்லிடணும். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கலாம். அதான் இன்னைக்குப் போனேன். தக்காளி மண்டிக்குப் பின்னாடி வாடகை வீடு. விசாரிச்சுக் கண்டுபிடிச்சேன்.

வாசல்ல அந்தப் பொண்ணு ஆக்னஸ் ஷூ போட்டுட்டு இருந்தது. கழுத்துல அடையாள அட்டை. செல்போன் பாகம் செய்யற கம்பெனியில வேலைக்குப் போகுதாம், வேன் வர்ற நேரம். ஐநூத்தி அறுபத்தொரு மார்க்கு சார். "யாருங்க?"ன்னு கேட்டுச்சு. பேரைச் சொன்னேன். "அம்மா, முனிராஜ் மாமா வந்திருக்காரு"ன்னு உள்ள குரல் குடுத்துட்டுப் போயிடுச்சு. மாமான்னுச்சு. வீட்டுல என்னைப் பத்திப் பேசியிருக்காங்க.

டீச்சர் இளைச்சுப் போயிருந்தாங்க. என்னைப் பாத்ததும் முகம் ஒரு மாதிரி ஆச்சு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க.

"நானே வந்து பாக்கணும்னு இருந்தேண்ணா. எந்த முகத்தோட வர்றதுன்னு தெரியல. மாதேஷ் சார் சொன்னாரு, ரெண்டாவது மாட்டையும் வித்துட்டீங்கன்னு. நான் வாங்கினதைப் பாத்துட்டுத்தானே வித்தீங்க?"

எனக்குப் புரியல. ஆமான்னு தலையை ஆட்டிட்டேன்.

"எனக்கு இந்தத் தொழில் ஓடாதுன்னு தெரியும்ணா. ரெண்டு வருஷம் நான்தானே சொன்னேன். தெரிஞ்சும் ஆசையில வாங்கினேன். நான் வாங்கினதால நீங்க நம்பினீங்க. படிச்சவ செஞ்சா சரியா இருக்கும்னு நெனச்சிருப்பீங்க. என் பணம் போனது என் புத்திக்கு. உங்க வீட்டம்மா பூ வெட்டப் போறாங்கன்னு கேட்டதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல. என்னை மன்னிச்சுடுங்கண்ணா."

கையெடுத்துக் கும்பிட்டாங்க சார். என்னைப் பாத்து.

அப்பச் சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்தது. டீச்சர், அன்னைக்குக் காலையில ரெண்டு வண்டி வந்து இறக்கிட்டுப் போச்சுன்னு ஒரே ஒரு வரி. அதுக்குப் பதிலா என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவால்ல டீச்சர். நடந்தது நடந்துபோச்சு. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல"ன்னேன்.

மன்னிச்சேன் சார். நான் அவங்களை மன்னிச்சேன்.

அவங்க அழுதுட்டாங்க. நிம்மதியா அழுதாங்க, ரொம்ப நாள் கழிச்சு அழற மாதிரி. அப்புறம் கண்ணைத் துடைச்சுட்டு உப்புமா கிண்டி வச்சாங்க. சாப்பிட்டேன். நல்லா இருக்குன்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. நான் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னா என்ன ஆகும்? அவங்களுக்கு இன்னைக்குத்தான் ஒரு நிம்மதி வந்திருக்கு. அதையும் போய்க் கெடுக்கணுமா? அவங்க நல்லதுக்குத்தான் சொல்லாம வந்தேன். அப்படித்தான் வச்சுக்கணும். அப்படித்தானே சார்?

நீங்க போனைப் பாருங்க. சரி, உங்களை எதுக்கு இழுக்கணும்.

உத்தனப்பள்ளி தாண்டியாச்சா? இன்னும் கொஞ்ச தூரம்தான். கண்டக்டர் சார், ஒரு நிமிஷம். ஓசூர்லேருந்து ராயக்கோட்டைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குங்க?

இல்ல, இல்ல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான் கேட்டேன்.